அத்தைக்கு மீசை முளைத்தால்

"அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா என்று அழைக்கலாம்" என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. நடவாத ஒன்றை நடந்ததாகக் கொண்டு மனக்கோட்டை கட்டுவோரை நையாண்டி செய்ய இது பயன்படுகிறது. பழமொழிகளை மக்களின் அனுபவத் திரட்டு என்று போற்றுவது நம்மிடையே வழக்கம். அவற்றுட் பல அவ்வாறு போற்றத்தக்கனவே. ஆயின், இப்பழமொழி அனுபவத்தைத் திரட்டித் தருவதாகத் தெரியவில்லை. அனுபவத்தைக் காணாதது போல் விலகிச் செல்லவே அது உதவுகிறது. ஏனெனில், அத்தைக்கு மீசை முளைப்பது நடவாத காரியமன்று. மாதவிடாய் நின்ற வயதில் பெண்ணுடலில் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஓமோன் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அன்ட்ரோஜன் என்னும் ஓமோன் அந்த அளவுக்குக் குறைவதில்லை. இவ்விரண்டின் சமநிலை மாறுவதால் மேலுதட்டிலும் மோவாயிலும் கருமயிர் அரும்புகிறது. நம் வீட்டு அத்தைமாரிற் பலர் கண்ணாடி முன் நின்று இதைக் கண்டிருப்பர். கண்டதை ஒருவரிடமும் சொல்லியிருக்கமாட்டார்கள். ஊர் முழுவதும் கூடி "நடவாது" என்று சிரிக்கும் ஒன்று தம்மிடம் நடந்துவிட்டதை எவ்வாறு சொல்வது?

அத்தைமாரோடு இது நின்றுவிடுமானால் நாம் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. பதினைந்து வயது மாணவிக்கும் இருபத்தைந்து வயது மணப்பெண்ணுக்கும் இதுவே நேர்கிறது. அவர்களிடத்தில் அது உதட்டு மயிரோடு நிற்பதுமில்லை. முகப்பருவாகவும், உச்சந்தலை முடி உதிர்வாகவும், மாதக்கணக்கில் வராத மாதவிடாயாகவும், கருத்தரிக்கத் தாமதமாகவும் வெளிப்படுகிறது. இத்தனைக்கும் அடியில் ஒரே கதை ஓடுகிறது. அந்தக் கதையை நமது மொழி பல துண்டுகளாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வசைப்பெயர் சூட்டி வைத்திருக்கிறது. பெண்ணின் தோல், முடி, கருப்பை ஆகிய மூன்றையும் பற்றி நமது இலக்கியமும் வழக்கும் விளம்பரமும் பேசிவந்த பேச்சை விமர்சிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நமது கவிதை மரபை நோக்குவோம். பாதம் முதல் கேசம் வரையும், கேசம் முதல் பாதம் வரையும் பெண்ணை வருணிப்பது தமிழ்ப் புலவர்களின் பயின்ற துறை. கூந்தலை மேகமென்றும், நெற்றியைப் பிறையென்றும், மேனியை மாந்தளிரென்றும் உவமித்த அம்மரபில் வியப்பளிக்கும் ஒன்று உண்டு. பெண்ணின் வயிற்றின்மேல் மெல்லிய கோடாக ஓடும் மயிரொழுங்கும் அங்கே அழகின் உறுப்பாகவே பாடப்பட்டது. உரோமவல்லி என்று அதற்குப் பெயரும் இட்டனர். வயிற்றில் ஓடும் மயிருக்கு உவமை தேடிய புலவர் எவரும் மேலுதட்டில் அரும்பிய மயிருக்கு ஓர் உவமை தேடியதாக நாம் அறியோம். இரண்டும் ஒரே உடலில் ஒரே ஓமோனால் வளர்வன. ஒன்று காவியத்தில் இடம்பெற்றது. மற்றது பழமொழியில் பரிகாசமாயிற்று. மயிருக்கு இயற்கை தந்த பெறுமதி ஒன்று. பார்ப்பவன் தந்த பெறுமதி வேறொன்று.

கவிஞன் பாடாது விட்டதைச் சட்டநூல் விலக்கி வைத்தது. மனுநூலின் மூன்றாம் அத்தியாயம் மணம் முடிக்கத் தகாத பெண்களைப் பட்டியலிடும்போது, உடலில் மயிர் மிகுந்தவளையும் மயிரே இல்லாதவளையும் அதிற் சேர்க்கிறது. நோயுற்றவளும் அதே பட்டியலில் இடம்பெறுகிறாள். நோயாளிக்கு மருந்து சொல்ல வேண்டிய இடத்தில் விலக்குச் சொன்ன நூல் அது. அதன் சொற்கள் வழக்கொழிந்திருக்கலாம். ஆனால், பெண்பார்க்க வந்தவர்கள் முற்றத்திலிருந்து நடத்தும் பரிசோதனையில் அதன் உள்ளடக்கம் இன்றும் உயிரோடிருக்கிறது. அந்நூலைப் படித்தறியாத மதத்தவர் வீடுகளிலும் அது உயிரோடிருக்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. மதங்களைக் கடந்து ஒரு வழக்கம் நிலைத்து நிற்குமானால், அதன் வேரை வேதங்களிலே தேடுவதைவிடச் சந்தையிலே தேடுவது பொருத்தமாகும்.

பழமையை மட்டும் குறைகூறி, விஞ்ஞானத்தைக் குற்றமற்றதாக நிறுத்திவிடவும் முடியாது. 1921 ஆம் ஆண்டில் அச்சார், தியேர் என்ற இரு பிரெஞ்சு வைத்தியர்கள் முகமயிரும் நீரிழிவும் ஒருங்கே தோன்றும் நிலையை விவரித்தனர். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று கண்டது பெரிய காரியமே. ஆயினும் அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'தாடிப் பெண்களின் நீரிழிவு' என்பது. சந்தைக் கூடாரத்தில் காசு வாங்கிக் காட்டப்பட்ட தாடிப் பெண்ணின் நிழல் வைத்திய ஏட்டிலும் விழுந்துவிட்டது.

ஓமோன்களுக்குப் பெயரிட்டபோதும் இதே தவறு நேர்ந்தது. 1931 இல் ஜெர்மானிய இரசாயன அறிஞர் பூட்டனான்ட், ஆண்களின் சிறுநீர் ஆயிரக்கணக்கான லீற்றரிலிருந்து ஓர் அன்ட்ரோஜனைப் பிரித்தெடுத்தார். 1935 இல் அம்ஸ்டர்டாமில் காளையின் விதையிலிருந்து டெஸ்டோஸ்டெரோன் பிரித்தெடுக்கப்பட்டது. ஆண் ஓமோன் கிடைத்துவிட்டது என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால், அதற்கு ஓராண்டு முன்னரே, 1934 இல், சொண்டெக் என்ற அறிஞர் திகைப்பூட்டும் ஒன்றைக் கண்டிருந்தார். பெண் ஓமோன் எனப்பட்ட ஈஸ்ட்ரோஜன் ஆண் குதிரையின் சிறுநீரில் மிகப் பெருமளவிற் காணப்பட்டது. வீரத்தின் சின்னமாகச் சிற்பங்களில் முன்னங்கால் தூக்கி நிற்கும் பொலிகுதிரையில் பெண் ஓமோன்! பெயர் பிழையென்று அன்றே உணர்ந்திருக்க வேண்டும். பொருள் புரிந்த பின்னும் பெயர் மாறவில்லை.

உண்மை யாது? பெண்ணுடலில் அன்ட்ரோஜன் அந்நியப் பொருளன்று. சூலகங்களும், சிறுநீரகங்களின்மேல் அமர்ந்துள்ள அதிரீனல் சுரப்பிகளும் அதை இயல்பாகவே ஆக்குகின்றன. சூலகம் முதலில் அன்ட்ரோஜனை உண்டாக்கி, பின்னர் அதிலிருந்தே ஈஸ்ட்ரோஜனைச் சமைக்கிறது. ஆண் ஓமோன் என்று நாம் ஒதுக்கி வைத்ததே பெண் ஓமோனுக்கு மூலப்பொருள். ஆரோக்கியமான பெண்ணின் இரத்தத்தில், மாதச் சுழற்சியின் பெரும்பாலான நாள்களில், ஈஸ்ட்ரோஜன் வகையில் முதன்மையான எஸ்ட்ரடையோலைவிட டெஸ்டோஸ்டெரோனே கூடிய அளவில் உள்ளது. ஆணின் இரத்தத்தில் உள்ளதோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிது. எனினும் அவளுக்கு அது தேவையானது. எலும்பும் தசையும் சூல் முதிர்வும் அதன் துணையை நாடுகின்றன. பாடசாலை விஞ்ஞான நூல்களில் இவ்வோமோன்கள் பொதுவாக ஆணுக்கு ஒரு நிரல், பெண்ணுக்கு ஒரு நிரல் என்று கோடிட்ட அட்டவணையாகத் தரப்படுகின்றன. அந்த அட்டவணையை மனனம் செய்த மாணவி, தன் உதட்டில் மயிர் கண்ட நாளில், தான் கோட்டைத் தாண்டி மறுபுறம் போய்விட்டதாக எண்ணி நடுங்குவாளானால், குற்றம் அவளுடையதன்று. கோட்டினுடையது.

அன்ட்ரோஜன் அளவு மிகுந்தாலோ, அல்லது அளவு மிகாமலே தோல் அதற்கு அதிகமாக இணங்கினாலோ நிகழ்வதைப் பார்ப்போம். தோலிலுள்ள ஒரு நொதியம் டெஸ்டோஸ்டெரோனை அதனினும் வலிமைமிக்க வடிவத்துக்கு மாற்றுகிறது. அதன் தூண்டுதலால் மேலுதடு, மோவாய், மார்பு, வயிறு, தொடை ஆகிய இடங்களிலுள்ள பூனைமயிர் தடித்துக் கருக்கிறது. உச்சந்தலையிலோ அதற்கு நேர்மாறாக முடி மெலிந்து குறுகி உதிர்கிறது. நெய்ச் சுரப்பிகள் மிகையாகச் சுரந்து, துவாரங்கள் அடைபட்டு முகப்பரு தோன்றுகிறது. 1961 இல் இங்கிலாந்தில் ஃபெரிமன், கால்வே என்ற இருவர் பெண்ணுடலின் 11 இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றிலும் மயிரின் அடர்த்திக்கு 0 முதல் 4 வரை புள்ளியிடும் முறையை வகுத்தனர். 1981 இல் அது 9 இடங்களாகச் சுருக்கப்பட்டது. கேசாதிபாதம் பாடிய புலவனின் கண்ணும் இவ்வைத்தியர்களின் கண்ணும் ஏறத்தாழ ஒரே வழியிற்றான் பயணம் செய்தன. ஆயின் ஒருவன் விலை மதித்தான். மற்றவர்கள் காரணம் தேடினர். அந்தக் காரணத் தேடலிலும் ஓர் எச்சரிக்கை தேவை. மயிரின் அளவு பரம்பரையால் வருவது. இனத்துக்கு இனம் வேறுபடுவது. எல்லா மயிரும் நோயன்று.

இளம்பெண்களில் அன்ட்ரோஜன் மிகுவதற்கு முதன்மையான காரணம், மக்கள் வழக்கில் 'சூலக நீர்க்கட்டி' என்று சொல்லப்படும் நோய்நிலை. 1935 இல் சிக்காகோவில் ஸ்டெயின், லெவென்தால் என்ற வைத்தியர்கள் 7 பெண்களை ஆராய்ந்து இதை விவரித்தனர். இங்கும் பெயரே முதற்பிழை. ஸ்கான் படத்தில் தெரிபவை உண்மையிற் கட்டிகள் அல்ல. முதிர்ந்து சூலை வெளிவிட வேண்டிய சிறு பைகள் பாதி வழியில் நின்றுவிட்டதன் அடையாளங்கள். 'கட்டி' என்று கேட்டதும் தாய்மார் புற்றுநோயை நினைத்து அழுகின்றனர்; வெட்டி எடுக்கச் சொல்லி மன்றாடுகின்றனர். பிழையின் மூலமோ பெரும்பாலும் வேறிடத்தில் உள்ளது. உடலின் தசைகள் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கும்போது சதையி மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. அந்த மிகை இன்சுலின் சூலகத்தை அன்ட்ரோஜன் ஆக்கத் தூண்டுகிறது. அன்றியும், இரத்தத்தில் டெஸ்டோஸ்டெரோனைப் பிணித்து வைக்கும் புரதத்தை ஈரல் குறைவாகவே ஆக்கும்படி செய்கிறது. பிணிப்பு நீங்கிய டெஸ்டோஸ்டெரோன் தோலையும் முடியையும் சென்றடைகிறது. சூல் முதிராமையால் மாதவிடாய் தவறுகிறது. பல மாதங்கள் தவறினால் கருப்பையின் உட்சுவர் தடித்து, காலப்போக்கில் அங்கே புற்றுநோய் தோன்றும் ஆபத்தும் கூடுகிறது. நீரிழிவும் கர்ப்பகால நீரிழிவும் இவர்களை எளிதில் நாடுகின்றன. முகத்தில் முளைத்த மயிரும் சதையியின் களைப்பும் ஒரு கயிற்றின் இரு முனைகள். முனையை மழித்துவிட்டால் கயிறு அறுந்துவிடாது.

பெயர்ப்பிழை உடலை மட்டுமன்றி வாழ்வையே அழிக்க வல்லது என்பதற்கு விளையாட்டு மைதானம் சாட்சி. புதுக்கோட்டை மாவட்டத்துக் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசெம்பரில் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனையிற் தேறவில்லை என்று கூறி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ஒடிசாவின் நெசவாளர் குடும்பத்துப் பெண்ணான டூட்டி சந்த், டெஸ்டோஸ்டெரோன் மிகுதி என்ற காரணத்தால் 2014 இல் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டார். அவர் பணிந்து ஒதுங்கவில்லை. சுவிற்சர்லாந்தின் லோசானிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றத்துக்குச் சென்றார். 2015 ஜூலையில் அந்நீதிமன்றம் அவ்விதியை இடைநிறுத்தியது. பின்வந்த விதிகளில், எல்லையாகக் கொள்ளப்பட்ட இலக்கம் 10 நனோமோலிலிருந்து 2018 இல் 5 ஆகவும், 2023 இல் 2.5 ஆகவும் மாறிற்று. 2025 செப்டெம்பர் முதல் மரபணுச் சோதனை வந்திருக்கிறது. இவ்வீராங்கனைகளின் வழக்கு, நாம் மேலே விவரித்த சூலக நோயின் வழக்கன்று. போட்டியில் நியாயம் எது என்ற வினாவும் எளிதானதன்று. நாம் சுட்டுவது ஒன்றையே: எவள் பெண் என்று தீர்மானிக்கும் உரிமையைப் பிறர் கையில் எடுத்துக்கொண்டபோது, முதலில் மானம் இழந்து நின்றவர்கள் சூளையிலும் தறியிலும் உழைத்தவர்களின் புதல்வியரே.

நமது நாட்டு நிலைக்கு வருவோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி, கருத்தரிக்கும் வயதுப் பெண்களில் 100 க்கு 10 முதல் 13 பேருக்கு இச்சூலக நோய் உண்டு. அவர்களில் 70 சதவீதம் வரையானோர் தமக்கு நோயுள்ளதையே அறியார். 2008 இல் வெளியான ஓர் இலங்கை ஆய்வு கம்பஹா மாவட்டத்தில் 15 முதல் 39 வயது வரையான ஏறத்தாழ 3,000 பெண்களை அவர்கள் வாழும் இடத்திலேயே அணுகி ஆராய்ந்தது, 6.3 சதவீதத்தினருக்கு இந்நோய் இருப்பதைக் கண்டது. கொழும்புப் பல்கலைக்கழகப் பேராசிரியை சந்திரிகா விஜேரத்ன இந்த ஆய்வில் பங்குகொண்டவர். அதற்கு முன்னர், 2002 இல், அவர் இங்கிலாந்தில் சக ஆய்வாளருடன் செய்த ஒப்பாய்வு, தென்னாசியப் பெண்களில் இந்நோய் இளவயதிலேயே தோன்றுவதையும், முகமயிரும் முகப்பருவும் இன்சுலின் எதிர்ப்பும் அவர்களிடம் மிகுந்திருப்பதையும் காட்டியது. எனவே, மேலைத்தேயத்து ஆடம்பர நோய் என்று இதைத் தள்ளிவிட இடமில்லை. நோய் நம்முடையது, நமது வகுப்பறைகளில் அமர்ந்திருக்கிறது.

ஏறாவூரில் ஆசிரியத் தொழில் புரியும் நாம் இதை ஏட்டறிவாக மட்டும் சொல்லவில்லை. விடை சொல்ல எழும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் மாணவியரை நாம் கண்டிருக்கிறோம். நாணம் என்று அதைப் பாராட்டுவோரும் உளர். கழுத்தின் பின்புறம் வெல்வெட்டுத் துணிபோலக் கருத்துத் தடித்திருப்பது இன்சுலின் எதிர்ப்பின் அடையாளம். 'கழுத்தைத் தேய்த்துக் குளி' என்று வகுப்பின் நடுவே ஏசப்பட்ட பிள்ளைகள் பலர். தேய்த்துத் தேய்த்துத் தோலுரிந்தவர்களும் உண்டு. முகப்பருவுக்கு 'கண்டதையும் நினைக்கிறாள்' என்று விளக்கம் சொல்லும் ஊர் இது. மாதவிடாய் மூன்று மாதம் வராவிட்டால் 'தொல்லை விட்டது' என்று சிலர் மகிழ்வர். வேறு சிலர் சந்தேகக் கண்ணோடு பிள்ளையின் நடத்தையைத் துருவுவர். பெருமூச்சோடு சொல்லப்படும் இறுதித் தீர்ப்பு ஒன்று உண்டு: "கலியாணம் முடித்தால் எல்லாம் சரிவரும்." மூன்றாண்டு கழித்துப் பிள்ளையில்லையெனில் அதே வாய்களிலிருந்து 'மலடி' என்ற சொல் புறப்படும். அழுக்கு, நாணம், தீய நினைவு, கெட்ட நடத்தை, மலடு என்று ஐந்து பெயர்கள். ஐந்தும் ஒரே நோயின் மேல் ஒட்டப்பட்ட சீட்டுகள். ஐந்தும் குணத்தைக் குறிப்பவை. ஒன்றேனும் உடலைக் குறிக்கவில்லை.

மட்டக்களப்புப் பிரதேசத்தின் குடும்ப அமைப்பு இங்கே கவனத்துக்குரியது. வாவியின் இருகரைகளிலும், தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும், மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பது மரபு. மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்கிறான். தாய்வழிக் குடிமுறை இங்கே இன்னும் நினைவில் உள்ளது. வீடு அவள் பேரில் இருக்கும்போது அவள் உடல் பிறரின் மதிப்பீட்டுக்கு ஆளாகாது என்றுதானே எதிர்பார்ப்போம்? நடப்பது வேறு. தோலின் நிறமும் முகத்தின் மாசும் கூந்தலின் அடர்த்தியும் கணக்கிலிடப்பட்டு, குறைந்ததற்கு ஈடாக வீட்டின் அறைகள் கூடுகின்றன. காணியின் பரப்பு கூடுகிறது. தந்தை வெளிநாட்டு வெயிலில் உழைத்த ஆண்டுகள் மகளின் முகப்பருவுக்குத் தண்டமாகின்றன. முடி உதிர்வை முக்காடு மறைக்கும். உதட்டு மயிரை எது மறைக்கும்? ஆகவே திருமணம் பேசி முடியும்வரை நோயை வெளியிற் சொல்லாதிருப்பதே குடும்பத்தின் பொருளாதார நலன் ஆகிறது. வைத்தியசாலை வரிசையில் யாராவது கண்டுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் மூடத்தனமன்று, சந்தையின் நிர்ப்பந்தம்.

இந்த அச்சத்தை அறுவடை செய்யும் வணிகர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். வெண்மையே வெற்றி என்று பல பத்தாண்டுகள் பெண்களுக்குப் போதித்த ஒரு களிம்பின் பெயர், உலகம் முழுவதும் எழுந்த கண்டனத்தின் பின், 2020 இல் 'ஃபெயார் அன்ட் லவ்லி' என்பதிலிருந்து 'க்ளோ அன்ட் லவ்லி' என்றாயிற்று. சொல் மாறிற்று, ஆசை மாறவில்லை. இதனினும் கொடியன, உள்ளே என்ன உண்டென்று சொல்லாமல் விற்கப்படும் பெயரறியாக் களிம்புகள். ஸ்டீரொயிட் கலந்த களிம்பை மாதக்கணக்கில் முகத்திற் பூசினால் தோல் மெலிகிறது, பரு பெருகுகிறது, முகத்திலே மயிர் முளைக்கிறது. பருவை மறைக்க வாங்கிய களிம்பே பருவை வளர்க்கிறது. வளர்ந்ததை மறைக்க அடுத்த குப்பி வாங்கப்படுகிறது. நோயாளியை உற்பத்தி செய்து மருந்தையும் விற்கும் வணிகத்துக்கு இதனினும் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

நமது நவீன இலக்கியம் இதற்கு என்ன செய்தது? மகப்பேறின்மையைச் சமூகப் பிரச்சினையாக்கி எழுதிய தமிழ் நாவல்களுள் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' முதன்மையானது. 2010 இல் வெளிவந்த அந்நாவலில் காளியும் பொன்னாவும் பன்னிரண்டு ஆண்டுகள் அன்போடு வாழ்ந்தும் பிள்ளையற்றவர்கள். அந்த அன்பை ஊர் எவ்வாறு துளித்துளியாக நஞ்சூட்டுகிறது என்பதை ஆசிரியர் மிகுந்த யதார்த்தத்தோடு காட்டுகிறார். மங்கல காரியங்களில் அவளுக்கு நேரும் புறக்கணிப்பும், அவனை மறுமணம் செய்யுமாறு தூண்டும் பேச்சும், சொத்தின்மேல் விழும் பிறர் கண்களும் மலட்டுத்தன்மை என்பது கருப்பையில் மட்டும் விளைவதன்று, காணி உறவுகளிலும் விளைவது என்பதை உணர்த்துகின்றன. இது தமிழ் நாவலின் பெரிய சாதனை என்று தயக்கமின்றிச் சொல்வோம். பொன்னாவின் உடலில் என்ன நோய் என்று நாவலிற் தேடுவது அறிவீனம். கதை நிகழும் காலத்தில், அந்தக் கிராமத்தில், அதை அறிவார் இலர். அந்த அறியாமையின் விலையையே நாவல் எழுதிக்காட்டுகிறது.

நமது குறை நாவலாசிரியர் மேல் அன்று. நாவலை வாசித்த சமூகத்தின் மேல். 2014 டிசெம்பரில் எழுந்த எதிர்ப்பும், 2015 ஜனவரியில் எழுத்தாளர் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று அறிவிக்க நேர்ந்த அவலமும், 2016 ஜூலை 5 ஆம் திகதி சென்னை உயர் நீதிமன்றம் அவர் மீண்டும் எழுத வழிசெய்த தீர்ப்பும் யாவரும் அறிந்தவை. அந்த ஆண்டுகளில் ஊர்ப் பெண்களின் மானம் பற்றி எத்தனையோ குரல்கள் ஒலித்தன. கருத்துச் சுதந்திரம் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வெளிவந்தன. பின்னையது அவசியமானது; அதில் நாமும் எழுத்தாளர் பக்கமே. ஆனால் பிள்ளையற்ற பெண்ணை ஊர் துரத்தும் வழக்கம் இன்றும் ஏன் தொடர்கிறது, அவளது உடலில் நிகழ்வதென்ன, ஆணையும் ஏன் சோதிப்பதில்லை என்ற வினாக்கள் அந்த ஆரவாரத்தில் எழவில்லை. திருச்செங்கோட்டு மலைமேல் நிற்கும் தெய்வம் பாதி ஆண், பாதி பெண். அந்த வடிவத்தைக் கைகூப்பித் தொழுவோர், வீட்டுப் பெண்ணின் உதட்டில் நான்கு மயிர் கண்டால் முகம் சுளிக்கின்றனர். கல்லில் தத்துவமாக ஏற்றுக்கொண்டதை உயிருள்ள உடலில் ஏற்றுக்கொள்ள மறுக்கின்றனர்.

முற்போக்கு எழுத்தாளரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். உழைக்கும் பெண்ணை எழுதினோம். அவள் கூலியை எழுதினோம். சீதனக் கொடுமையை எழுதினோம். ஆயினும் கதாநாயகியை அறிமுகப்படுத்தும் பந்தியில் 'மாசுமருவற்ற முகம்', 'அடர்ந்த கூந்தல்' என்ற பழைய சொற்களையே எடுத்து வைத்தோம். கொடுமைக்காரி ஒருத்தியைப் படைக்க வேண்டின், அவளுக்கு உதட்டில் மயிரும் குரலில் கரகரப்பும் கொடுத்தோம். கொள்கையிற் புதுமையும் வருணனையிற் பழமையும் ஒரே பேனாவிலிருந்து வந்தன. வருணனை தீங்கற்ற அலங்காரம் என்று எண்ணுதல் தவறு. எந்த முகம் அன்புக்குரியது, எந்த முகம் அச்சத்துக்குரியது என்று வாசகன் அதிலிருந்துதான் கற்றுக்கொள்கிறான்.

செய்யவேண்டியது யாது? இந்நோய் முற்றாக நீங்கிவிடும் என்று எவரும் வாக்களிக்க இயலாது. ஆயினும் இதை அடக்கி ஆளலாம். உணவும் உடற்பயிற்சியும் இன்சுலின் எதிர்ப்பைத் தணிக்கின்றன. மாதவிடாயை ஒழுங்குபடுத்தவும் அன்ட்ரோஜனைத் தடுக்கவும் சூல் முதிரச் செய்யவும் வைத்தியர் தரும் மருந்துகள் உண்டு. பிள்ளைப்பேறு பெரும்பாலாருக்கு எட்டாக்கனியன்று. முதல் மாதவிடாய் வந்து ஓராண்டு வரை ஒழுங்கின்மை இயல்பே. மூன்றாண்டு கடந்தபின் 35 நாளுக்கு மேல் அடிக்கடி தாமதித்தாலோ, முதலாண்டின் பின் எப்போதாயினும் 90 நாள் கடந்தாலோ வைத்தியரை நாடவேண்டும். திடீரென மயிர் பெருகிக் குரலும் தடித்தால் ஒரு நாளும் தாமதித்தலாகாது. அரிதாயினும் அது சுரப்பியிற் தோன்றிய கழலையாக இருக்கக்கூடும்.

இலவச வைத்தியசேவை என்னும் அரும்பேற்றைப் பெற்ற நாடு இது. குடும்பநல மருத்துவ மாது வீடு தேடி வருகிறாள். ஆனால் அவளது கவனம் மணமானவர்மீதும் கர்ப்பிணிகள்மீதும் குழந்தைகள்மீதுமே குவிந்துள்ளது. 1996 முதல் நடைபெறும் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்கள் 35 வயதுப் பெண்ணை நோக்கி அமைந்தவை. பதினைந்து வயதில் தொடங்கும் நோய்க்கு 35 வயதில் திறக்கும் கதவு போதாது. பாடசாலைகளில் 7 ஆம், 10 ஆம் தரங்களில் நடைபெறும் வைத்தியப் பரிசோதனையின்போது, மாதவிடாய் பற்றிய இரண்டு கேள்விகளைத் தனியறையில், பெண் உத்தியோகத்தர் ஒருவர் அன்போடு கேட்பதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், பெரும் பணமும் வேண்டாம். கழுத்தைக் கண்டு ஏசும் ஆசிரியர், ஏச்சை விட்டுப் பெற்றோருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும்.

தமிழாசிரியராகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. பாதாதிகேசத்தைக் கற்பிக்கும் நாளில், இவ்வருணனையில் இடம்பெறாத பெண்கள் யாவர் என்று வகுப்பைக் கேட்போம். ஆண் ஓமோன், பெண் ஓமோன் என்ற சொற்களை விஞ்ஞான ஆசிரியரோடு சேர்ந்து திருத்துவோம். 'மலடி' என்ற சொல்லை அகராதிக்கு மட்டும் உரியதாக்குவோம். வாயை மூடிய கையை எடுத்துவிட்டு ஒரு மாணவி எழுந்து விடைசொல்வாளானால், அது நமது தேர்வுப் பெறுபேறுகள் எதிலும் பதிவாகாது. ஆயினும் அந்த ஒரு விடைக்காகவே இந்த மொழியைத் திருத்தும் வேலை தகும்.